மத்தியானம் தூங்காத பெட்டி

வில்யாரிக்காவில் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவன் தெருவில் நடந்து போனால், ஒன்று அவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லை பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவனாக இருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் கட்டையை நீட்டியிருப்பார்கள். நாய்கூட லாரிக்கு அடியில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, குரைப்பதை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மூடிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட வேளையில் தெர்லிஸ் நடந்துகொண்டிருந்தான். அவன் அந்த ஊரிலேயே பிறந்தவன். வீட்டில் பெண்டாட்டி அராசெலியோடு சண்டையும் இல்லை. தான் எழுதிய அறிக்கை சரிதான் என்று கண்ணால் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், அதற்குத்தான் இந்த நடை.

அறிக்கை, ஞா சுனில்தாவின், அதாவது சுனில்தா அம்மாவின், இரும்புக் கடைக்காக எழுதியது. ஆணி, கம்பி, தகரம், பெயிண்ட், குழாய் என்று வீடு கட்டுகிறவனுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் விற்கிற பெரிய கடை. அந்தக் கடையின் முன்மேசைக் கம்ப்யூட்டர் தினமும் மத்தியானம் செத்துப்போகிறது. வில்யாரிக்காவில் அது செத்தாலும் பிழைத்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது, கடையே மூடியிருக்கும். ஆனால் ஞா சுனில்தா போன வருஷம் சியுதாத் தெல் எஸ்தேயில் ஒரு கிளை திறந்துவிட்டாள். அது வேறு மாதிரி ஊர். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரேசில்காரர்கள் விடிந்ததுமே வந்து இறங்கிவிடுவார்கள். அங்கே போய் மத்தியானத் தூக்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கிளையில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் விலைக்கும் சரக்கு இருப்புக்கும் பில்லுக்கும் வில்யாரிக்காக் கடையின் அந்த ஒரே பெட்டியைத்தான் கேட்க வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் அதனிடமிருந்து பதில் வராது. வாங்க வந்தவன் வரிசையில் நின்று நின்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். கிளையைப் பார்த்துக்கொள்கிற ஒஸ்மார், ஞா சுனில்தாவின் தங்கை மகன், தலையைப் பிய்த்துக்கொண்டு வில்யாரிக்காவுக்குப் போன் போடுவான். ஊரே குறட்டை விடும்போது யார் எடுப்பது? கடை திறந்த பிறகு நிமியா எடுப்பாள்.

"நல்லாத்தானே ஓடுது! இப்பக்கூட ரெண்டு கிலோ ஆணிக்கு பில்லு போட்டேனே. உங்க ஊர்லதான் ஏதோ கோளாறு" என்பாள். அவள் சொல்வது பொய்யும் இல்லை.

நிமியாதான் கடையில் பில் போடுகிறவள். தெர்லிஸுக்கு மாமியார். அவள் புருஷன் கட்டட வேலைக்கென்று புவெனஸ் அயர்ஸுக்குப் போனவன், போனவன்தான். வயிற்றில் அராசெலியோடு நிமியா அந்த முன்மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகளை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணமும் பண்ணிக் கொடுத்தாள். நாற்காலியின் பிளாஸ்டிக் உறை கிழிந்தால் தானே தைத்துக்கொள்வாள். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர்கள் எழுந்து போன பிறகு துணி போட்டுத் துடைப்பாள்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

"பெரியம்மா, அந்தக் கிழட்டுப் பெட்டியையும், அதைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கிற நிமியா அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க. கணக்கு மொத்தமும் இங்க வந்துடட்டும். பில்லு போட நான் ஆள் வச்சுக்கறேன்" என்று ஒஸ்மார் சொல்லிவிட்டான். ஞா சுனில்தா சட்டென்று சரி சொல்கிறவள் இல்லை. நிமியாவை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் நஷ்டத்தை யாருக்குப் பிடிக்கும்? சனிக்கிழமை நேரில் வா, பேசி முடித்துவிடலாம் என்று ஒஸ்மாரை வரச் சொன்னாள். தெர்லிஸைக் கூப்பிட்டு, அதற்குள் காரணத்தைக் கண்டுபிடி, இல்லையென்றால் அவன் சொல்கிறபடிதான் என்று முடித்துவிட்டாள்.

தெர்லிஸுக்கு இது கடவுளே கொடுத்த வாய்ப்பு மாதிரி இருந்தது. நிமியா அவனை இதுவரை மாப்பிள்ளை என்று ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை. தலைநகர் அசுன்சியோனில் பாதிப் படிப்பில் திரும்பி வந்தவன் என்பதால் 'இன்ஜினியர் சார்' என்பாள். அந்த 'சார்' காதில் விழும்போதெல்லாம் அவனுக்குச் சுருக்கென்று இருக்கும். போதாக்குறைக்கு அவன் மத்தியானம் தூங்க மாட்டான், எவன் வீட்டுக் கம்ப்யூட்டரையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். "பகல்ல கண் அசராதவனை நம்பி எப்படிடி பொண்ணு குடுக்கறது?" என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அராசெலியிடம் கேட்டிருக்கிறாள். இப்போது அவள் நாற்காலியை நாமே காப்பாற்றிக் கொடுத்தால்?

அதனால்தான் அவ்வளவு சிரத்தையாக அறிக்கை எழுதினான். தொழில் செய்கிற இடத்தில் டெஸ்க்டாப் ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கு, சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கு என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருந்தான். டெஸ்க்டாப் ரகம், சும்மா இருக்கிற நேரம் பார்த்துத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, நிறுத்தித் திரும்பத் தொடங்கும். நம் பெட்டியில் இருப்பது அந்த ரகம். மத்தியானத்தில் யாரும் தொடாததால் அது அப்போதுதான் இந்தச் சேட்டையைச் செய்கிறது. இதுதான் அவன் கண்டுபிடிப்பு. அதன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, பெட்டிக்குள் பதிவாகியிருப்பதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரில் பார்த்தால் போதாதா!

கடை வாசலில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கவாட்டு ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். எல்லோரும் போய்விட்டார்கள், நிமியா மட்டும் முன்மேசையில் இருந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே மவுஸை நகர்த்தி எதையோ அழுத்தினாள். திரை கறுக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கைத்துணியால் திரையைத் துடைத்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு ஞாந்துத்தி எடுத்தாள், இந்த ஊர்ப் பெண்கள் சிலந்தி வலை மாதிரிப் பின்னுவார்களே அந்த வெள்ளைப் பின்னல் துணி. பெட்டிக்கும் திரைக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, மேலே இரண்டு தட்டு தட்டினாள்.

"தூங்கு ராசா" என்றாள்.

தெர்லிஸின் நெற்றி ஜன்னல் கம்பியில் மோதியது. புதுப்பித்தலாவது மண்ணாங்கட்டியாவது!

"யாரது கம்பிக்கு வெளியே? ஜாசி ஜாத்தெரேயா?" என்று நிமியா அதட்டினாள். மத்தியானம் தூங்காமல் திரிகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற மஞ்சள் தலைக் குட்டிப் பேயைத்தான் சொன்னாள்.

"நான்தான் அத்தை."

"அதானே பார்த்தேன். ஜாசி ஜாத்தெரேக்குக்கூட இந்த வெயில்ல அலையற அளவுக்குப் புத்தி கெட்டுப்போகலையே. என்ன வேணும் இன்ஜினியர் சார்?"

"பெட்டியை... நிறுத்திட்டீங்களா?"

"பின்னே? நான் போய்ப் படுத்துக்கணும், அது மட்டும் இந்த அனல்ல வேகணுமா? உங்களுக்குத்தான் தூக்கம் கிடையாது, மிஷினுக்குமா கிடையாது?"

"தினமுமா அத்தை?"

"தினமும்தான். ஒரு டிசம்பர்ல ஊர்ல எல்லாரும் ஏசியைப் போட்டுக்கிட்டுப் படுத்தாங்க. கரண்ட்டு போய்ப் போய் வந்துச்சு. சாயங்காலம் வந்து பார்த்தா பழைய பெட்டி புகைஞ்சு கிடக்கு. நான் அழுதுட்டேன். நம்ம முதலாளி தொன் கந்தலீசியோதான், நல்ல மனுஷன், சொன்னாரு: 'நிமியா, இனிமே நாம தூங்கறப்ப அதுவும் தூங்கட்டும். அது உன் பொறுப்பு'ன்னு. அவர் போய்ச் சேர்ந்துட்டார். நான் ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. காய்ச்சல் வந்தப்பகூட சால்வையைப் போத்திக்கிட்டு வந்து நிறுத்திட்டுத்தான் போனேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு எவன் வாயைத் திறப்பான்? தெர்லிஸுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. போன வருஷம் கிளையை இந்தப் பெட்டியோடு இணைத்தவன் அவன்தான். ஞா சுனில்தா செலவு வேண்டாம் என்றாள், இருக்கிறதிலேயே ஒட்டிவிட்டான். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துவிட்டான். இனிமேல் இந்தப் பெட்டி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை அத்தை, வெளியூரிலிருந்தும் இதைக் கேட்பார்கள் என்று அந்த நாற்காலிக்காரியிடம் ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. என்ன படிப்பு படித்தானோ!

வீட்டுக்கு வந்து அராசெலியிடம் சொன்னான். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போத்திவிட்டாங்களா? தாலாட்டு பாடலையா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"சனிக்கிழமை சொல்லப்போறியா?"

"சொல்லாம எப்படி?"

"சொன்னா அம்மா நாற்காலி போயிடும் தெர்லிஸ். ஒஸ்மாருக்கு அல்வா மாதிரி. மிஷின் மேலேயே பழியைப் போட்டுடு."

"மிஷின் மேல போட்டா, இந்த மிஷினே வேணாம்னு கணக்கு மொத்தத்தையும் அங்க கொண்டு போயிடுவான். அப்பவும் அத்தை வீட்டுலதான்."

"அப்ப என்னதான் பண்ணுவே?"

அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் பின்னால் மாமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டார்கள். அது தெரெரே நேரம், ஐஸ் தண்ணீரில் இலைச்சாறு உறிஞ்சுகிற நேரம்; ஊரில் எந்தக் கடையிலும் அந்த நேரத்தில் வியாபாரம் இரண்டாம் பட்சம்தான். எப்போதும் போல நிமியாதான் ஊற்றினாள். இடது பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் ஜாடி, மடியில் மாட்டுக்கொம்பில் செய்த குவாம்பா, அதில் இலைத்தூளும் உறிஞ்சுகுழலும். தண்ணீரை ஊற்றி ஒருத்தரிடம் கொடுப்பாள், அவர் உறிஞ்சிவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுப்பார், திரும்ப ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பாள். ஞா சுனில்தா, அடுத்து தெர்லிஸ், அதற்கடுத்து அவள். ஒஸ்மார் மட்டும் வட்டத்தில் சேரவில்லை. தோல் உறை போட்டு, தன் பெயரைப் பொறித்த சொந்தத் தெர்மாஸும் சொந்தக் குவாம்பாவும் கொண்டு வந்திருந்தான். பெருநகரப் பழக்கம்.

ஞா சுனில்தா தெர்லிஸின் அறிக்கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"படிச்சீங்களா ஞா சுனில்தா?"

"முதல் பக்கம் படிச்சேன். அப்புறம் புழுக்கம் அதிகமாயிடுச்சு. வாயால சொல்லுப்பா. டெஸ்க்டாப்புங்கறே, சர்வருங்கறே. ரெண்டும் பெட்டிதானே? எதுக்கு ஒண்ணு அவ்வளவு விலை?"

தெர்லிஸ் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். அறிக்கையில் எழுதியிருந்த ஒரு வரியும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"ஒஸ்மார், உன் தெர்மாஸ்லேர்ந்து எனக்கு ஒரு வாய் ஊத்து."

"ஆசையப் பாரு. இது எனக்கு மட்டும்தான்."

"அதேதான் டெஸ்க்டாப்பு. பெட்டியில வித்தியாசம் இல்லை ஞா சுனில்தா, உள்ளே இருக்கிற குணத்துல வித்தியாசம். டெஸ்க்டாப்புக்குன்னு செஞ்ச சிஸ்டம், எதிர்ல உக்கார்ந்திருக்கிற ஒருத்தருக்காகச் செஞ்சது. படம் காட்டும், பாட்டுப் பாடும், அவங்க மனசு கோணாம நடந்துக்கும். அவங்க எழுந்து போயிட்டா, இனி நமக்கு என்ன வேலைன்னு கண்ணை மூடிக்கும். வெளியிலேர்ந்து ஒரு சில பேருக்கு வேணா எட்டிப் பார்க்க இடம் குடுக்கும், கூட்டமா வந்தா கதவைச் சாத்திடும்."

"என் தெர்மாஸைத் திட்டறியா, பாராட்டறியா?" என்றான் ஒஸ்மார்.

"நல்ல தெர்மாஸ்தான். ஆனா கல்யாண வீட்டுக்குப் பத்தாது. சர்வர்ங்கறது..." அவன் நிமியாவின் ஜாடியைக் காட்டினான். "இதோ, இந்த ஜாடியும் இதைப் பிடிச்சிருக்கற கையும். எதிர்ல இல்லாதவங்களுக்காகச் செஞ்சது அந்த சிஸ்டம். அதுக்கு முகமே வேண்டாம், திரையைப் பிடுங்கி எறிஞ்சாலும் வேலை செய்யும். யார் முறை, யாருக்கு எவ்வளவு, யாரை உள்ளே விடலாம் எல்லாம் அதுக்குத் தெரியும். எங்கேயோ இருக்கிறவன் எப்பக் கேப்பானோன்னு முழிச்சுக்கிட்டே இருக்கும். தன்னைப் புதுப்பிச்சுக்கணும்னாக்கூட, பொறுப்பான ஆள் ஒருத்தர் 'இப்பச் செய்துக்கோ'ன்னு நேரம் சொல்லணும். அதுவரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்காது."

"விலை?" என்றாள் ஞா சுனில்தா.

"கூடத்தான். காசில்லாத ரகமும் இருக்கு. ஆனா அதைக் கட்டி மேய்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அதுக்கு நான் இருக்கேன்."

"நல்லாத்தான் சொல்றே. எனக்கே புரிஞ்சுது." ஞா சுனில்தா விசிறுவதை நிறுத்தினாள். "இப்ப நான் கேட்டதுக்கு வா. நம்ம பெட்டி மத்தியானம் ஏன் நிக்குது?"

தெர்லிஸ் நிமியாவின் பக்கம் பார்க்காமல் பேசினான்.

"ஊத்தறவங்க எழுந்து போனா வட்டம் நின்னுடும் ஞா சுனில்தா. எழுந்து போனவங்க மேல தப்பு இல்லை. அவங்க ஊத்தறாங்கன்னு அவங்களுக்கே யாரும் சொல்லலை. ஒருத்தருக்கான பெட்டியை எல்லாருக்கும் ஊத்த வச்சவன் நான். தப்பு என்னுது."

"அதெல்லாம் இருக்கட்டும். எழுந்து போனது யாரு?"

மாமரத்திலிருந்து ஒரு பிஞ்சு தகரத்தின் மேல் விழுந்து உருண்டது. நிமியா ஊற்றிக்கொண்டிருந்தாள். குவாம்பா நிரம்பி, தண்ணீர் அவள் மடியில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

"இன்ஜினியர் சார்" என்றாள் மெதுவாக. "அந்த ஊர்ல இருக்கிறவங்க... நம்ம பெட்டியையா கேக்கறாங்க? என் மேசையில இருக்கறதையா?"

"ஆமா அத்தை."

"மத்தியானத்துலயுமா?"

"மத்தியானத்துலதான் அவங்களுக்குக் கூட்டமே."

நிமியா ஜாடியைத் தரையில் வைத்தாள். குவாம்பாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் எழுந்து போனேன். தினமும் பெட்டியை நிறுத்திட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு, போத்திவிட்டுட்டுப் போவேன்."

"போத்தி விட்டீங்களா?" ஒஸ்மார் நாற்காலியிலிருந்தே குதித்தான். "பார்த்தீங்களா பெரியம்மா! நான் அங்க சட்டையைக் கிழிச்சுக்கிட்டு நிக்கறேன், இங்க சர்வரைத் தூங்க வைக்கறாங்களாம்! நான் சொன்னேனா இல்லையா?"

நிமியா இடுப்பிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்தாள். அதை ஞா சுனில்தாவின் மடியில், அந்த அறிக்கையின் மேல் வைத்தாள்.

"தம்பி சொல்றது சரிதான். நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க ஞா சுனில்தா" என்றாள். குரல் உடையாமல் சொல்லி முடிக்க அவள் பட்ட பாடு தெர்லிஸுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அவள் அவனை ஆயுசுக்கும் இன்ஜினியர் சார் என்றே கூப்பிட்டாலும் பரவாயில்லை, இந்தச் சாவி அவள் இடுப்புக்குத் திரும்பினால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

ஞா சுனில்தா சாவியைப் பார்த்தபடி இருந்தாள்.

"நிறுத்தச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"தொன் கந்தலீசியோ. பெட்டி எரிஞ்சப்ப. நாம தூங்கறப்ப அதுவும் தூங்கட்டும்னாரு. என் பொறுப்புன்னாரு."

"அந்த மனுஷனா?" ஞா சுனில்தாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். "கட்டின நாள்லேர்ந்து அந்த மனுஷன் எனக்கு எவ்வளவோ சொன்னாரு, நான் ஒண்ணைக் கேக்கலை. பிள்ளைங்களும் கேக்கலை. இந்தக் குடும்பத்துல அவர் பேச்சைக் கேட்டது நீ ஒருத்திதாண்டி."

"பெரியம்மா, அது வேற..." என்று ஒஸ்மார் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு. மாசக்கணக்கா போன் பண்ணினியே, ஒரு நாள் மத்தியானம் வண்டியை எடுத்துக்கிட்டு வந்து என்னன்னு பார்த்தியா?"

"மத்தியானத்துல எப்படி பெரியம்மா, இங்க எல்லாரும் தூங்கற நேரத்துல..."

"அதான். நீயும் இந்த ஊர்ப் பிள்ளைதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தெர்லிஸ் பக்கம் திரும்பினாள். "சர்வரு வாங்கு. காசில்லாத ரகமே போதும். இங்கேயே வை, பின்னால இருக்கிற சரக்கறை ஜில்லுனு இருக்கும். கரண்ட்டு போனா தாங்கறதுக்கு பேட்டரியும் வை. புதுப்பிக்கறதுக்கு நேரம் சொல்ல ஒரு பொறுப்பான ஆள் வேணும்னியே, அது யாரு?"

தெர்லிஸ் வாயைத் திறப்பதற்குள் அவளே சாவிக்கொத்தை எடுத்து நிமியாவின் கையில் திணித்தாள்.

"காய்ச்சலோட வந்து ஒரு பொத்தானை அமுக்கிட்டுப் போனவளைவிடப் பொறுப்பான ஆளை நான் எங்க போய்த் தேடறது? இத்தனை வருஷம் அமுக்குன்னு சொன்னாங்க, அமுக்கினே. இனிமே அமுக்காதேன்னு நான் சொல்றேன். ஊத்துடி, தொண்டை காயுது."

நிமியா ஊற்றினாள். பாதித் தண்ணீர் கீழேதான் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒஸ்மார் தன் தெர்மாஸை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"எனக்கும் ஒண்ணு ஊத்துங்க நிமியா அக்கா."

"ஏன், உங்க தெர்மாஸ் என்னாச்சு?"

"தீர்ந்துபோச்சு" என்றான். மூடியைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

புதுப் பெட்டி வந்தது. சரக்கறையில் பெயிண்ட் டின்களுக்கு எதிரே இரும்புக் கம்பிக் கதவு போட்ட மாடத்தில் தெர்லிஸ் அதை வைத்தான். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும். புதுப்பிக்கிற நேரத்தை நிமியா யோசிக்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை, ரெண்டு ஊர்லயும் எல்லாரும் கறி சுட்டுக்கிட்டு இருக்கிற நேரம். அப்ப எவனும் ஆணி விலை கேக்க மாட்டான்." தெர்லிஸ் யோசித்துப் பார்த்தான். அதைவிட நல்ல நேரம் அவனுக்குத் தெரியவில்லை.

கிளையைப் புதுப் பெட்டிக்கு மாற்றிய முதல் நாள் மத்தியானம் நிமியா முன்மேசைப் பெட்டியை எப்போதும் போல நிறுத்தினாள். இப்போது அது அவளுடையது மட்டும்தான், நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. துடைத்தாள், போர்த்தினாள், தட்டிக்கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். புரண்டு புரண்டு படுத்தாள். கடைசியில் எழுந்து தெரெரே ஜாடியை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பிவிட்டாள். லாரிக்கு அடியில் இருந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து, இவளுமா என்பது போலப் பார்த்தது.

சரக்கறையில் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தெர்லிஸ் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி. பெட்டி வந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. இவள் நாற்காலி தன் கையில் இருக்கிறது என்ற பயம் அவனுக்கு.

"நீங்க தூங்கலையா அத்தை?"

"தூக்கம் வரலை. அது மட்டும் தனியா முழிச்சிருக்குமேன்னு இருந்துச்சு." அவள் இன்னொரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்பிக்குப் பின்னால் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "அது மின்னறப்பல்லாம் யாரோ கேக்கறாங்களா?"

"ஆமா. இதோ இது ஒஸ்மார் கடை. ஏதோ பில்லு போடறாங்க. இதோ, இன்னொண்ணு."

முன்பக்கத்தில் போன் இருந்த திசையை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அடிக்கவில்லை. நிமியா ஒரு குவாம்பா ஊற்றி அவனுக்குக் கொடுத்தாள். அடுத்ததை அவள் குடித்தாள். ஜாடி பாதியாகிற வரைக்கும் போன் அடிக்கவில்லை.

அவள் எழுந்து முன்மேசைக்குப் போனாள். ஞாந்துத்தியை எடுத்து வந்து கம்பிக் கதவில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டினாள்.

"ஜாசி ஜாத்தெரே கண்ணுல பட்டுடப் போகுது. இந்த நேரத்துல முழிச்சிருக்கிற குழந்தை" என்றாள்.

தெர்லிஸ் துணிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். பின்னலின் ஓட்டைகள் வழியாகக் காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. பெட்டி வேகாது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

நிமியா கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.

"நீ முழிச்சிரு ராசா. நாங்க போறோம்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "எழுந்திருங்க மாப்பிள்ளை. கண்ணைப் பாருங்க, குழி விழுந்து கிடக்கு. நம்ம வீடு கிட்டத்தானே, வந்து படுங்க. ஒருத்தர் முழிச்சிருந்தாப் போதும்."

தெர்லிஸ் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்க்காத மாதிரி ஜாடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றைக்கு அவன் மாமியார் வீட்டு மின்விசிறிக்கு அடியில் கட்டையை நீட்டியவன், கடை திறந்து வெகு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. அராசெலி வந்து எழுப்பப் பார்த்தாள். "தூங்கட்டும் விடுடி" என்று சொல்லிவிட்டு நிமியா கடைக்குப் போனாள்.